அமுக்குவதும் இறுக்குவதும்

சென்ற இதழில் திருப்பூர் வாசகர் ஒருவரின் கேள்வியை மட்டும் அச்சிட்டு, பதிலை இந்த இதழுக்கு ஒத்திவைத்திருந்தோம். அதைப் படித்துவிட்டு வேறு சிலரும் ‘கம்ப்ரெஸ்’ (compress), ‘காம்பாக்ட்’ (compact) என்னும் அதே இரண்டு ஆங்கில வினைச்சொற்களைப் பற்றி எழுதியிருப்பதால், எல்லாவற்றையும் சேர்த்தே இங்கு பதில் எழுதுகிறேன்.

கேள்வி: நான் திருப்பூரில் ஒரு காம்பாக்டிங் யூனிட்டில் சூப்பர்வைசராக இருக்கிறேன். பிளஸ் டூ படிக்கும் என் மகளின் அகராதியில் ‘கம்ப்ரெஸ்’, ‘காம்பாக்ட்’ இரண்டுக்கும் ‘அழுத்து, நெருக்கு’ என்றே பொருள் போட்டிருக்கிறது. இரண்டும் ஒன்றுதான் என்றால், எங்கள் மிஷினுக்குப் பக்கத்திலேயே ஓடுகிற ஏர் கம்ப்ரெஸரை ஏனுங்க யாரும் காம்பாக்டர் என்று சொல்வதில்லை? எங்கள் மிஷினை ஏன் கம்ப்ரெஸர் என்று சொல்வதில்லை?

பதில்: ஒரே கூரையின் கீழ் ஓடும் இரண்டு இயந்திரங்களைக் காட்டிக் கேட்டிருக்கிறீர்கள். விடையும் அந்தக் கூரைக்குள்ளேயே கிடைக்கிறது. அகராதியைச் சற்று மூடி வைத்துவிட்டு, இரண்டும் என்ன வேலை செய்கின்றன என்று பார்ப்போம்.

ஏர் கம்ப்ரெஸர் வெளிக்காற்றை இழுத்துத் தொட்டிக்குள் அமுக்கி அடைக்கிறது. வால்வைத் திறந்த மாத்திரத்தில் அந்தக் காற்று சீறிக்கொண்டு வெளியேறித் தன் பழைய பருமனுக்குப் போய்விடுகிறது. அமுங்கியிருந்த நேரம் முழுவதும் அது திரும்பிப் போகவே முண்டிக்கொண்டிருக்கிறது. அந்த முண்டலைத்தான் நாம் வேலைக்குப் பயன்படுத்துகிறோம். திருச்செங்கோட்டிலிருந்து நாடெங்கும் போகும் ரிக் வண்டிகளைக் கவனித்திருப்பீர்கள். அந்தப் பெரிய கம்ப்ரெஸர் அனுப்பும் காற்றுதான் ஆழ்துளைக்குள் இறங்கி, அடியில் இருக்கும் சுத்தியலை அடிக்க வைத்து, உடைந்த பாறைத்தூளையும் மேலே ஊதித் தள்ளுகிறது. அமுக்கிய காற்று அமுங்கியபடியே இருந்துவிடும் பொருளாக இருந்தால் ஓர் அடிகூட போர் போட முடியாது.

இப்போது உங்கள் இயந்திரத்துக்கு வருவோம். பின்னலாடைத் துணி சாயப்பட்டறையிலும் உலர்த்தும் இடத்திலும் நீளவாக்கில் இழுபட்டுக்கொண்டேதான் வருகிறது. அதன் கண்ணிகள் நீண்டு நிற்கின்றன. அதை அப்படியே வெட்டித் தைத்து அனுப்பினால், வாங்கியவர் முதல் தடவை துவைத்ததும் கண்ணிகள் தம் இயல்புக்குத் திரும்பி, பனியன் குட்டையாகிவிடும். ஆகவே உங்கள் இயந்திரம் துணிக்கு நீராவி காட்டி நூலை இளக்கி, உள்ளே விடும்போது வேகமாகவும் வெளியே எடுக்கும்போது மெதுவாகவும் ஓட்டி, அந்த வேக வித்தியாசத்தில் கண்ணிகளை நீளவாக்கில் ஒன்றையொன்று நெருங்கி உட்காரச் செய்து, சூடான ரோலரை ஒட்டி அந்த நிலையிலேயே நிறுத்திவிடுகிறது. 100 மீட்டராக உள்ளே போன துணி 95 மீட்டராக வெளியே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எடை குறையவில்லை, அகலமும் மாறவில்லையென்றால், 160 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் எடை) துணி சுமார் 168 ஆகியிருக்கும். உங்கள் மேசை மேல் இருக்கும் வட்டக் கட்டரால் 100 சதுர சென்டிமீட்டர் வெட்டித் தராசில் வைத்தால், 1.60 கிராம் இருந்த இடத்தில் 1.68 கிராம் காட்டும். அந்த எட்டுப் புள்ளிதான் காம்பாக்டிங் செய்த வேலையின் அளவு.

காற்றுக்கும் துணிக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். காற்று ஒரு சிறிய இடத்தில் அடைபட்டது. அது திரும்ப விரும்புகிறது. துணியில் கண்ணிகள் நெருங்கி அமர்ந்தன; துவைத்தால் எங்கே போயிருக்குமோ அந்த இடத்துக்கு அவை முன்கூட்டியே வந்துவிட்டதால், அவற்றுக்கு இனிமேல் திரும்ப வேண்டிய இடம் இல்லை. முதலாவதற்குக் கம்ப்ரெஸ் என்றும் இரண்டாவதற்குக் காம்பாக்ட் என்றும் பெயர் வந்தது இதனால்தான்.

சொற்களின் பிறப்பும் இதையே சொல்கிறது. கம்ப்ரெஸ் என்பது லத்தீனில் ‘பிரெமெரே’, அதாவது அழுத்துதல் என்னும் வினையிலிருந்து வந்தது. காம்பாக்ட் அப்படியல்ல; ‘பங்கெரே’ என்னும் வேறொரு வினை அதன் தாய். முளையை அறைவதுபோல் ஒன்றை நிலையாகப் பதிப்பதும் பொருத்துவதும் அந்த வினையின் பொருள். ‘கோம்’ என்னும் முன்னொட்டு இரண்டுக்கும் பொது. அது ‘சேர்த்து’ என்று பொருள்படும். ஆக, ஒன்று ‘சேர்த்து அழுத்துவது’, மற்றது ‘சேர்த்துப் பொருத்துவது’. அழுத்தம் என்னும் கருத்து காம்பாக்டின் வேரில் இல்லவே இல்லை. உங்கள் மகளின் அகராதி இரண்டுக்கும் ஒரே பொருளைக் கொடுத்து மறைத்துவிட்டது இந்த இடத்தைத்தான். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது, ஏனென்றால் தமிழில் இந்த வேறுபாட்டைச் சொல்ல நம்மிடம் நல்ல சொற்கள் இருக்கின்றன. அமுக்குவது வேறு, இறுக்குவது வேறு என்பது நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

உங்கள் யூனிட்டிலோ பக்கத்திலோ காலண்டரிங் இயந்திரம் இருந்தால் மகளை அழைத்துப் போய்க் காட்டுங்கள். அது துணியை ரோலர்களுக்கு நடுவே வைத்து அதன் கனத்தை நசுக்கித் தட்டையாக்குகிறது. தண்ணீர் பட்டதும் துணி பெரும்பாலும் பழையபடி உப்பிவிடுகிறது. காலண்டரிங் செய்வது கம்ப்ரெஸ், உங்கள் இயந்திரம் செய்வது காம்பாக்ட் என்று ஒரே துணியில் இரண்டையும் அவள் தொட்டுப் பார்க்கலாம்.

தொழிலில் இந்த எல்லை எப்போதும் கறாராகக் காக்கப்படுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தறித்துணி துவைத்தால் சுருங்காதபடி இதே தத்துவத்தில் முன்கூட்டியே சுருக்கிவிடும் முறை ஒன்று உண்டு. சான்ஃபோர்ட் குளூயெட் என்னும் அமெரிக்கர் அதற்கு 1930-இல் காப்புரிமை பெற்றார். அவர் பெயரால் அது சான்ஃபரைசிங் எனப்படுகிறது. நூல்களில் அதற்கு ‘கம்ப்ரெஸிவ் ஷ்ரிங்கேஜ்’ என்றும் பெயர். வேலை ஒன்றுதான், ஆனால் பெயர் வைத்தவர் எதைப் பார்த்தார் என்பது மாறுகிறது. துணியின் மேல் செலுத்தப்படும் விசையைப் பார்த்தவர் கம்ப்ரெஸ் என்றார். துணி வந்து சேர்ந்த நிலையைப் பார்த்தவர் காம்பாக்ட் என்றார்.

கேள்வி: கோபிசெட்டிபாளையத்திலிருந்து எழுதுகிறேன், சிவில் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு மாணவன். எங்கள் பாடத்தில் கம்ப்ரெஷன், காம்பாக்ஷன், கன்சாலிடேஷன் என்று மூன்று சொற்கள் வருகின்றன. தேர்வுக்கு வரையறையை மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனால் மனத்தில் நிற்கவில்லை.

பதில்: மனத்தில் நிற்க வேண்டுமென்றால் கதிரடிக்கும் களம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். என் சிறு வயதில் எங்கள் தோட்டத்துக் களத்தை ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள். அப்பாரு (தாத்தா) முதல் நாள் சாயங்காலமே மண்ணில் தண்ணீர் தெளித்து ஊற விட்டுவிடுவார். விடிந்ததும் ஒரு பிடி மண்ணை அள்ளி உள்ளங்கையில் வைத்து இறுகப் பிடிப்பார். உருண்டை உதிராமல் நிற்க வேண்டும், கையிலும் ஒட்டக் கூடாது. உதிர்ந்தால் இன்னும் தண்ணீர் தெளிப்பார், ஒட்டினால் வெயில் ஏறட்டும் என்று உட்கார்ந்துவிடுவார். அதன் பிறகுதான் திமிசுக் கட்டையால் இடிக்கத் தொடங்குவார்கள். இடிக்க இடிக்க, தொடக்கத்தில் பொத்தென்று கேட்ட ஓசை கெட்டியான ஓசையாக மாறும். அந்த ஓசை மாறினால்தான் அடுத்த இடத்துக்கு நகர்வார்கள்.

உங்கள் ஆய்வுக்கூடத்தில் செய்யும் பிராக்டர் சோதனை இதேதான். அமெரிக்கப் பொறியாளர் ரால்ஃப் பிராக்டர் மண் அணைகளுக்காக 1933-இல் வெளியிட்ட முறை அது. நம் நாட்டுத் தரமுறைப்படி 1,000 கன சென்டிமீட்டர் அச்சில் மண்ணை மூன்று அடுக்காகப் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் 2.6 கிலோ எடையுள்ள இடிப்பானை 31 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விட்டு 25 முறை இடிக்கிறீர்கள்; தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, எந்த ஈரத்தில் மண் மிகக் கெட்டியாகிறது என்று வரைபடம் போடுகிறீர்கள். ஈரம் போதாவிட்டால் மண் துகள்கள் ஒன்றோடொன்று உராய்ந்து நகர மறுக்கின்றன. அதிகமானால் துகள் உட்கார வேண்டிய இடத்தில் தண்ணீர் உட்கார்ந்துகொள்கிறது. அப்பாருவின் உள்ளங்கை அந்த வரைபடத்தின் உச்சியைத்தான் தேடிக்கொண்டிருந்தது.

இதில் மண்ணிலிருந்து வெளியேறியது எது? காற்று. துகள்களுக்கு நடுவே இருந்த காற்று போய், துகள்கள் நெருங்கிப் பொருந்தின. இது காம்பாக்ஷன், இடித்தோ உருட்டியோ அதிர வைத்தோ அங்கேயே அப்போதே செய்து முடிப்பது. கன்சாலிடேஷனில் வெளியேறுவது தண்ணீர். ஈரக் களிமண்ணின் மேல் ஒரு கட்டடம் நின்றுகொண்டே இருக்கிறது; அதன் பாரத்தில் தண்ணீர் மெல்ல மெல்லக் கசிந்து போக, மண் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் அமர்கிறது. அதை யாரும் இடிப்பதில்லை, காலம் செய்கிறது. கம்ப்ரெஷன் என்பது இரண்டுக்கும் பொதுவான பெருஞ்சொல்: ஒரு பொருளின் மேல் அமுக்கும் விசை விழுவதும், அதனால் அது குறுகுவதும். எது வெளியேறியது, திரும்புமா திரும்பாதா என்பதைப் பற்றி அந்தச் சொல் ஒன்றும் சொல்வதில்லை. ஓர் எச்சரிக்கை: சாலைப் பணி மதிப்பீடுகளில் ரோடு ரோலர் ஓட்டுவதைப் பழைய வழக்கப்படி கன்சாலிடேஷன் என்றே எழுதுவதுண்டு. வேலை நடக்கும் இடத்தில் அதைக் கேட்டுப் பழகிவிட்டுத் தேர்வுத்தாளில் எழுதிவிடாதீர்கள்.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இதற்குப் பெரிய சான்று இருக்கிறது. 1948-இல் தொடங்கி 1955-இல் முடிந்த பவானிசாகர் அணையின் நீளத்தில் மிகப் பெரும்பகுதி மண் கரைதான். அணைக்கரை மண்ணை மலைபோல் மொத்தமாகக் கொட்டி மேலிருந்து அமுக்கி எழுப்ப முடியாது. அடுக்கு அடுக்காகப் பரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் ஈரம் பார்த்து இறுக்கிக்கொண்டே ஏற வேண்டும். இறுகாத ஓர் அடுக்கு உள்ளே நின்றுவிட்டால் தண்ணீர் அதைத் தேடிப் போகும்.

கான்கிரீட்டையும் பாருங்கள், ஏனென்றால் அங்கே இரண்டு சொற்களும் ஒரே கட்டியில் அடுத்தடுத்து வருகின்றன. 150 மில்லிமீட்டர் கியூப் அச்சில் கலவையை மூன்று அடுக்காகப் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் கம்பியால் 35 முறை குத்துகிறீர்கள். அல்லது வைப்ரேட்டரில் வைத்து அதிர விடுகிறீர்கள். காற்றுக் குமிழிகள் மேலே வந்து வெடித்து, கலவை பளபளவென்று மட்டமாகிறது. யாரும் அதை அமுக்கவில்லை. ஆனாலும் அது காம்பாக்ஷன். அழுத்தமே இல்லாமல் இறுக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. 28 நாள் தண்ணீரில் கிடந்த அதே கியூபை எடுத்துத் துடைத்துக் கம்ப்ரெஷன் இயந்திரத்தில் வைத்து, அது உடையும்வரை அமுக்குகிறீர்கள். எம்-20 கான்கிரீட் என்றால் சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன். கியூபின் முகம் 22,500 சதுர மில்லிமீட்டர். ஆகவே 450 கிலோ நியூட்டன், அதாவது ஏறத்தாழ 46 டன் பாரம் வரையில் அது தாங்கியாக வேண்டும். முதல் நாள் சரியாக இறுக்காத கியூப், கடைசி நாள் அமுக்கும்போது காட்டிக் கொடுத்துவிடும்.

விவசாயிகளுக்கு ஒரு வார்த்தை. சாலைக்கும் அணைக்கும் வரமாக இருக்கும் இந்த இறுக்கம் பயிர் நிலத்துக்குச் சாபம். டிராக்டர் திரும்பத் திரும்ப ஓடி அடிமண் கெட்டியாகிவிட்டால் வேர் கீழே இறங்காது, மழைநீரும் இறங்காது. இதற்கும் ஆங்கிலத்தில் காம்பாக்ஷன் என்றே பெயர். சக்கரம் போன பிறகும் மண் தானாக எழுந்து வருவதில்லை அல்லவா? அதனால்தான் உளிக்கலப்பையை அரை மீட்டர் இடைவெளியில் ஒரு திசையிலும், பிறகு அதற்குக் குறுக்கேயும் ஓட்டி அந்தக் கெட்டியான அடிமண்ணை உடைக்கச் சொல்கிறார்கள்.

கேள்வி: பொள்ளாச்சியில் தென்னை நார்க்கழிவைக் கட்டியாக்கி ஏற்றுமதி செய்கிறோம். அட்டைப்பெட்டியில் ‘கம்ப்ரெஸ்டு’ என்று போடுவதா, ‘காம்பாக்டட்’ என்று போடுவதா?

பதில்: கம்ப்ரெஸ்டு என்றே போடுங்கள். வாங்குபவர் உங்கள் கட்டியை விரும்புவதே அது திரும்பி எழும் என்பதற்காகத்தான். ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் சதுரத்தில் இருக்கும் 5 கிலோ கட்டி, தண்ணீரை உறிஞ்சி 70 லிட்டர் அளவுக்கு உப்பி வரும். இறுகிப்போனது என்று பொருள்படும் சொல்லை அதன் மேல் எழுதினால், செடி வளர்ப்பவர் தயங்குவார். அவர் தேடுவது இளக்கத்தை.

ஜின்னிங் பேக்டரியில் பஞ்சைப் பொதியாக்குவதும் இதே வகைதான். 170 கிலோ பஞ்சைப் பிரஸ்ஸில் அமுக்கிப் பட்டை போட்டுக் கட்டுகிறார்கள். அந்தப் பட்டைதான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. மில்லில் பட்டையை வெட்டியவுடன் பொதி பொருமிக்கொண்டு எழுவதைப் பார்த்தவர்களுக்கு, அமுங்கியது இறுகியதாகிவிடாது என்பதை விளக்கத் தேவையில்லை.

கேள்வி: கோயம்புத்தூரில் ஒரு அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன். கணினியில் ஃபைலைக் ‘கம்ப்ரெஸ்’ செய் என்கிறது; மின்னஞ்சல் மென்பொருளோ ஃபோல்டர்களைக் ‘காம்பாக்ட்’ செய்யட்டுமா என்று கேட்கிறது. இங்கே யார் எதை அமுக்குகிறார்கள்?

பதில்: மேலே சொன்ன வேறுபாடு கணினிக்குள்ளும் பிசகாமல் நிற்பதைப் பார்க்க எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஃபைலைக் கம்ப்ரெஸ் செய்யும்போது உள்ளே இருப்பது முழுவதும் வேறு குறியீட்டில் சுருக்கி எழுதப்படுகிறது. படிக்க வேண்டுமானால் மறுபடியும் விரித்தாக வேண்டும். பஞ்சுப் பொதியின் பட்டையை வெட்டுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபோல்டரைக் காம்பாக்ட் செய்யும்போது கடிதங்களில் ஓர் எழுத்தும் சுருங்குவதில்லை. நீங்கள் அழித்த கடிதங்கள் விட்டுப்போன வெற்றிடங்கள் நீக்கப்பட்டு, மீதிக் கடிதங்கள் நெருங்கி அமர்கின்றன. களத்து மண்ணிலிருந்து காற்று போனது போலத்தான். பிறகு எதையும் விரிக்க வேண்டியதில்லை, அப்படியே படிக்கலாம். ஆகவே பயமில்லாமல் சரி என்று அழுத்துங்கள். அழித்த கடிதங்களில் ஏதும் திரும்ப வேண்டாம் என்பதை மட்டும் முன்னதாக உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கேள்வி: ஈரோட்டில் ஆங்கில ஆசிரியையாக இருக்கிறேன். இரண்டு வினைகளுக்கும் வகுப்பில் சொல்லத்தக்க தமிழ்ச் சொற்களைத் தர முடியுமா? ‘காம்பாக்டான வீடு’ என்று சொல்லும்போது எதுவும் இறுக்கப்படவில்லையே?

பதில்: கம்ப்ரெஸ்ஸுக்கு ‘அமுக்கு’ என்பதை முதற்சொல்லாகக் கொள்ளலாம். ‘அழுத்து’ என்பதை ‘பிரெஸ்’ஸுக்கு விட்டுவிடுங்கள். பொத்தானை அழுத்துகிறோம்; அழுத்தியதால் பொத்தானின் பருமன் குறைய வேண்டியதில்லை. அமுக்கினால் அமுங்க வேண்டும். காலத்தையோ கதையையோ கம்ப்ரெஸ் செய்தால் தமிழில் ‘சுருக்கு’ என்போம். மூன்று தலைமுறைக் கதையைப் பத்துப் பக்கத்தில் சுருக்கலாம். அதைக் காம்பாக்ட் செய்தார் என்று ஆங்கிலத்தில் சொன்னால் இயல்பாக ஒலிக்காது.

காம்பாக்டுக்கு ‘இறுக்கு’, ‘கெட்டிப்படுத்து’ இரண்டும் பொருந்தும். மண்ணை இடிப்பதற்கு மட்டும் ‘திமிசு போடு’ என்னும் சொல் நம்மிடம் தனியாகவே இருக்கிறது. மாணவர்கள் அதை மறந்துவிடாமல் வகுப்பில் ஒருமுறையாவது சொல்லுங்கள். ‘இறுகு’ என்று தன்வினையாகவும் ‘இறுக்கு’ என்று பிறவினையாகவும் தமிழ் பிரித்துக் காட்டுவதை ஆங்கிலம் ஒரே சொல்லால் சமாளிக்கிறது: மண் காம்பாக்ட் ஆகிறது என்பதற்கும் மண்ணைக் காம்பாக்ட் செய்கிறார்கள் என்பதற்கும் அங்கே வினை ஒன்றுதான்.

‘காம்பாக்டான வீடு’ என்னும் பெயரடை, நான் மேலே சொன்ன லத்தீன் வேரை வினையைவிட நன்றாகக் காப்பாற்றி வைத்திருக்கிறது. அந்த வீட்டை யாரும் நெருக்கவில்லை. சமையற்கட்டும் அறைகளும் வீணான இடமின்றி ஒன்றோடொன்று பொருந்தி அமைந்திருக்கின்றன. இதற்குத் தமிழில் ‘அடக்கமான வீடு’ என்போம். நடையைப் பற்றிச் சொல்லும்போது ‘செறிவான நடை’. ‘கம்ப்ரெஸ்டு வீடு’ என்று ஆங்கிலத்தில் சொன்னால், மேலே ஏதோ விழுந்து நசுங்கிய வீடு என்றே கேட்பவர் நினைப்பார்.

உச்சரிப்பைப் பற்றியும் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கும். வினையாக வரும்போது இரண்டு சொற்களுக்கும் இரண்டாவது அசையில் அழுத்தம் விழும். பெயர்ச்சொல்லாக வரும்போது முதல் அசைக்கு நகரும். காய்ச்சல்காரரின் நெற்றியில் போடும் ஈரத்துணிக்கும், கைப்பையில் வைக்கும் கண்ணாடி பதித்த பவுடர் டப்பிக்கும் ஆங்கிலத்தில் இந்தப் பெயர்ச்சொற்களே வழங்குகின்றன: துணி ‘கம்ப்ரெஸ்’, டப்பி ‘காம்பாக்ட்’.